விலையும் விரைவும்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையொன்றில் ஒரே நிறமுடைய இரண்டு சேலைகள் விரிக்கப்படுகின்றன. ஒன்றன் விலை மற்றொன்றன் விலையைப்போல் இரு மடங்கு. காரணம் கேட்டால் நெசவறிந்தவர் தயங்குவதில்லை. ஒன்றில் பட்டிழையின்மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகை. மற்றொன்றில் மலிவான செம்புச் சரிகை. ஒன்றில் உடலும் கரையும் வேறு வேறு நாடாக்களால் நெய்யப்பெற்றுக் கோர்வையாக இணைந்துள்ளன. அதற்குத் தறியில் இருவர் அமர வேண்டும். விலை வேற்றுமை முழுவதையும் துணியின்மேல் விரல் வைத்தே காட்டிவிடலாம்.

மின்சாரக் கார்களின் விலை வேற்றுமையை இங்ஙனம் காட்ட இயலுமா? எம்.ஜி. நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் காமெட் என்னும் சிறு காரை ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய் தொடக்க விலையில் நம் நாட்டில் விற்கத் தொடங்கியது. அதன் மின்கலத் தொகுதியின் கொள்ளளவு 17.3 கிலோவாட் மணி. அதில் 3.3 கிலோவாட் வீதத்திலேயே மின்னேற்ற முடிந்தது. நிரம்ப 7 மணி நேரம் ஆயிற்று. 2024-இல் விலை மிகுந்த வகைகளுக்கு மட்டும் 7.4 கிலோவாட் வீதம் அளிக்கப்பட்டது. நேரம் மூன்றரை மணியாகக் குறைந்தது. அடி வகைக்கோ பழைய வேகமே. மின்கலம் எல்லாவற்றிற்கும் ஒன்றே! மற்றொரு பக்கம், 2023-இல் சுமார் 45 இலட்சம் ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த ஹூண்டாய் அயானிக் 5 என்னும் கார், ஆற்றல் மிக்க மின்னேற்று நிலையத்தில் 18 நிமிடங்களில் பத்து விழுக்காட்டிலிருந்து எண்பது விழுக்காட்டை எட்டவல்லது.

இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சில இயற்கை விதித்தவை; சில வாணிகம் விதித்தவை. இரண்டையும் பிரித்தறிவதே நாம் செய்ய வேண்டுவது.

வீட்டிற்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். மின்கலமோ நேர்திசை மின்னோட்டத்தையே ஏற்கும். ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி ஒன்று காரினுள் வைக்கப்படுகிறது. அதன் திறன் பெருகினால் விலையும் பெருகும். 2022-இல் வந்த டாட்டா டியாகோ மின்காரில் 3.3 கிலோவாட் கருவிக்குப் பதிலாக 7.2 கிலோவாட் கருவி வேண்டுவோர் 50,000 ரூபாய் மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கருவிக்கு உண்மையில் ஆகும் செலவு அவ்வளவுதானா என்பதை வாங்குவோர் அறிய வழியில்லை. எனினும் அங்கு ஒரு பொருள் மாறுகிறது என்பதேனும் உண்மை.

நெடுஞ்சாலை நிலையங்களில் இம்மாற்றம் காருக்கு வெளியே நிகழ்கிறது. நேர்திசை மின்னோட்டம் மின்கலத்தை நேராகச் சென்றடைகிறது. இங்கே தடை மின்கலத்தினுள்ளேயே உண்டு. பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயில் வாயிலை நினைத்துப் பாருங்கள். மக்கள் நிதானமாக வந்தால் ஒவ்வொருவரும் உள்ளே இடம் பெறுவர். நெருக்கித் தள்ளினால் வாயிலிலேயே திரண்டு நிற்பர். லிதியம் அயனிகளும் அத்தகையனவே. அவை கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே சென்று தங்க வேண்டும். அளவுக்கு மீறி விரைந்தால் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும், கொள்ளளவு குறையும், வெப்பமும் மிகும். 50 கிலோவாட் மின்னாற்றல் 72.6 கிலோவாட் மணி கொண்ட அயானிக் கலத்திற்கு ஒரு மணி நேரத்தில் மூன்றில் இரு பங்கை நிரப்பும் அளவே. காமெட்டின் சிறு கலத்திற்கோ அது கொள்ளளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு! பெருங்கோயிலுக்கு வாயில்கள் பல. சிறு கோயிலுக்கு ஒன்றே.

ஆயினும் பழி முழுவதையும் இயற்கையின்மேல் சுமத்தலாகாது. டியாகோவின் கலமும் சிறியதே. 24 கிலோவாட் மணிக்கு மேற்படாதது. அது நேர்திசை மின்னோட்டத்தை ஏற்று, 57 நிமிடங்களில் பத்திலிருந்து எண்பது விழுக்காட்டை எட்டுமென்று அறிவிக்கப்பட்டது.

வாணிகத்தின் பங்கை, கார் தோன்றுமுன்னரே ஒருவர் கண்டுரைத்தார். பிரெஞ்சு நாட்டுப் பொறியியல் வல்லுநர் டூப்யுயி 1849-இல் புகைவண்டிகளின் மூன்றாம் வகுப்பைப்பற்றி எழுதினார். சில பெட்டிகளுக்குக் கூரையில்லாதது கூரையின் செலவுக்கு அஞ்சியன்று. உயர்வகுப்புக் கட்டணம் தரவல்லோர் மலிவான பெட்டியை நாடாமல் இருத்தற்பொருட்டே என்பது அவர் கருத்து. ஏழையை வருத்துவது நோக்கமன்று. செல்வரை அச்சுறுத்துவதே நோக்கம். நனைந்தவர் என்னவோ ஏழைதான்.

கணிப்பொறி இவ்வேலையை எளிதாக்கிவிட்டது. 2016-இல் டெஸ்லா நிறுவனம் 75 கிலோவாட் மணிக் கலத்தையே பொருத்தி, கணிப்பொறி நிரலால் 60 என்று கட்டுப்படுத்திக் குறைந்த விலைக்கு விற்றது. 2017-இல் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, மக்கள் தப்பிச் செல்லும்பொருட்டு அக்கட்டினைத் தொலைவிலிருந்தே சிறிது காலம் தளர்த்தியது. பெருஞ்சரிகை முந்தானை நெய்து, அதன்மேல் வெறுந்துணி தைத்து மூடி விற்கும் நெசவாளரைக் காஞ்சியில் கண்டவர் உண்டோ?

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குச் சென்று மீள்வது ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வீட்டருகே கார் நிறுத்தும் கொட்டகையுடையார்க்கு இரவு 7 மணி நேர மின்னேற்றமே அதற்குப் போதும். விரைவு அவர்க்கு அத்துணை வேண்டுவதில்லை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களிலோ வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அங்கே பலருக்குக் காரை நிறுத்தவும் கம்பி நீட்டவும் இடமில்லை. பொது நிலையத்தில் விரைந்து மின்னேற்றிக்கொள்ள வேண்டியவர் இவரே. கடையில் மலிவான வகையைக் கேட்பவரும் பெரும்பாலும் இவரே.