ஷார்ஜா விமானமும் ஜாதகக் கட்டும்

கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது; நாலு மணி நேரப் பயணம். அதில் வேலைக்குப் போகும் கொங்கு இளைஞர் ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்றால், அவர் செய்வது ஒரு விநோதமான பண்டமாற்று. சட்டம் அவரைக் குற்றவாளியாகப் பார்க்காத ஊரை விட்டு, பார்க்கும் ஊருக்குப் போகிறார். பதிலுக்குக் கிடைப்பது தூரம்.

அந்தத் தூரத்தின் விலை தெரிய, இங்கே ஒரு கல்யாணம் எப்படி நடக்கிறதென்று தெரிய வேண்டும். என்ன கூட்டம், அதாவது எந்தக் குலப்பிரிவு, என்பதுதான் முதல் கேள்வி. ஒரே கூட்டமென்றால் பங்காளி, பேச்சு அங்கேயே முடிந்தது. பிறகு குலதெய்வம், ஜாதகம், காடு தோட்டம், சீர். முப்பதைத் தொட்ட பையனை எந்த விசேஷத்திலும் விடமாட்டார்கள்: "ஏங்கண்ணு, இந்த வைகாசிக்காவது முடிச்சுப்போடலாமா?" அதற்குப் பெற்றோர் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: "வெளிநாட்டுல இருக்கானுங்க, காண்ட்ராக்ட் முடியட்டுமுங்க."

இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவர் சம்மதத்துடன் கொள்ளும் உறவை தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பு திருமண உரிமையைத் தர மறுத்தது. ஆனாலும் சிறை பயம் இங்கே இல்லை. கடல் தாண்டினால் கணக்கு மாறும். குவைத்தில் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு 7 ஆண்டு வரை சிறை. சவுதியில் ஷரியத்தின்படி மரண தண்டனை வரை போகலாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் கத்தாரிலும் அது குற்றமே. மலேசியாவில் 20 ஆண்டு வரை சிறையோடு கசையடியும் உண்டு. அந்தச் சட்டம் ஷரியத்திலிருந்து வந்ததல்ல. நம் தலையில் வெள்ளைக்காரன் 1860-ல் கட்டிய அதே 377-ன் உடன்பிறப்பு. சிங்கப்பூர் தன்னுடையதை 2023 ஜனவரியில்தான் நீக்கியது. 'மதம் கண்டிப்பான நாடு' என்று நாம் சுட்டும் விரலில் பாதி வெள்ளைக்காரனை நோக்கித் திரும்ப வேண்டும்.

இந்தச் சட்டங்களின்படி வழக்குகள் தினமும் நடப்பதில்லை. அன்றாடத்தை அரிப்பது வேறு. விசா முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசாவும் போகும். அறை, பலரோடு பகிர்ந்தது. கைபேசியில் இருக்கும் ஒரு புகைப்படத்தைக் காட்டி யாராவது பணம் கேட்டு மிரட்டினால், போலீஸுக்குப் போக முடியாது. புகார் கொடுப்பதே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கைப்படி உண்டு. தூதரக அதிகாரி வந்து பார்க்கலாம், வழக்கறிஞருக்கு வழிகாட்டலாம். அந்நாட்டுச் சட்டத்தை நிறுத்திவைக்க அவரால் ஆகாது.

திருநருக்கு விமான நிலையமே முட்டுச்சந்தாகலாம். கனடாவின் யூடியூப் பிரபலம் ஜிஜி கார்ஜியஸ் 2016-ல் துபாயில் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டு, ஊருக்குள் விடப்படாமலே திரும்பினார். பிரபலத்துக்கே அந்தக் கதி.

இந்தத் தூரம்கூடப் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வாய்க்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காத பெண் 30 வயதுக்கு முன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக நம் அரசின் குடியேற்ற விதி அனுமதிக்காது. பெண்கள் வீட்டை விட்டு ஓடினால் உள்நாட்டிலேயே இன்னொரு ஊர்தான். 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்த வழக்கில் அந்த இரு பெண்களும் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். பால் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொன்னது அந்தத் தீர்ப்புதான். 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், தானே தேர்ந்துகொண்ட துணையும் குடும்பம்தான் என்றது.

கொங்கு மண்ணுக்கு இதெல்லாம் அந்நியமென்று சொல்லவும் வழியில்லை. திருச்செங்கோட்டு மலையில் நிற்பது ஆண்பாதி பெண்பாதியான தெய்வம். அந்த மலையில் கும்பிட்டு வந்த கையோடுதான் மாப்பிள்ளைக்குப் பொருத்தமும் பார்க்கிறார்கள்.

வளைகுடா நாடுகள் வேலைக்கு வந்தவருக்குக் குடியுரிமை தருவது அரிதினும் அரிது. ஐம்பது வயதிலோ, கம்பெனி ஆள் குறைக்கும்போதோ, திரும்பியே ஆக வேண்டும். அதே விமானம், அதே நாலு மணி நேரம். வீட்டு பீரோவில் மஞ்சள் தடவிய ஜாதகக் கட்டு அப்படியே இருக்கும்.