படிகமும் மெருகும்

நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குவார்ட்சுக் கற்களைத் தேய்த்து மணிகள் செய்தனர். இன்று அத்தகைய கற்களைத் திரட்டி மெருகேற்றுவது பலருக்குப் பொழுதுபோக்காக உள்ளது. எளிதெனத் தோன்றும் இம்முயற்சியில், எந்தக் கல்லைத் தொடாமல் விடுவது என்பதே கடினமான முடிவு.

ஆற்றில் உருண்டு தேய்ந்த கூழாங்கல்லுக்கு மெருகு நன்மையே செய்யும். சுழலும் உருளைக்கலத்தில் கற்களுடன் நீரையும் சிலிக்கான் கார்பைடு தூளையும் இட்டு வாரக்கணக்கில் உருட்டுவர். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்சின் மதிப்பு 7. சிலிக்கான் கார்பைடின் மதிப்போ 9ஐக் கடந்தது. எனவே கல் தேய்கிறது. பருந்தூளில் தொடங்கி நுண்தூளுக்கு மாறி, இறுதியில் சீரியம் ஆக்சைடால் பளபளப்பூட்டுவர். ஒவ்வொரு கட்டத்திலும் கலத்தை நன்கு கழுவுதல் வேண்டும். எஞ்சிய பருந்துகள் ஒன்றே பல நாள் உழைப்பைக் கீறலாக்கிவிடும். உலர்ந்த கல்லைத் தேய்த்தலும் கூடாது. அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

முகங்கள் சிதையாத படிகத்தின் நிலை வேறு. குவார்ட்சுப் படிகம் சிறிதாயினும் பெரிதாயினும் அதன் ஒத்த முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறுவதில்லை என்பதை 1669இல் டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டீனோ எடுத்துக்காட்டினார். அணுக்கள் அடுக்கப்பட்ட ஒழுங்கே அம்முகங்களாக வெளிப்படுகிறது. பக்க முகங்களின் குறுக்கே ஓடும் மெல்லிய வரிகள் படிகம் வளர்ந்ததன் தடங்கள். உருளைக்கலத்தில் இட்டால் இவ்வரிகள் அழிந்துவிடும். பின்னர் எவராலும் அவற்றை மீட்க இயலாது. ஆதலால் தேர்ந்த சேகரிப்பாளர் இத்தகைய படிகத்தை நீரும் மென்தூரிகையும் கொண்டு கழுவி, கிடைத்த இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் பெட்டியில் வைக்கின்றனர்.