குரலற்றோரின் குரல்

மட்டக்களப்பு வாவியின் மீன்கள் பாடும் என்பர். நிறைமதி இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரிலிட்டு, மறுமுனையைக் காதில் வைத்தால் அவ்வொலி கேட்குமாம். கேட்க விரும்புவோர் முதலில் மௌனம் காக்க வேண்டும்.

இவ்வாவிக்கரை நகரில் அவ்வாறு மக்களுக்குச் செவிகொடுத்து, பின்னர் வாய்திறந்தவர் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ. போர்க்காலத்தில் அவர் மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்தார். கைதானோர், காணாமற்போனோரின் உறவினர் இத்தகைய குழுக்களையே நாடினர். பேச அஞ்சிய மக்களுக்காக அவர் பேசினார். 1988 ஜூன் 6ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிறு நெருப்பு பெருங்காட்டை எரிப்பதுபோன்றது நாவின் வலிமை என எச்சரிக்கிறார் யாக்கோபு (3:5). அதே நாவைப் பேச இயலாதோருக்காகப் பயன்படுத்தப் பணிக்கிறது நீதிமொழிகள் நூல் (31:8).

அன்பார்ந்தவர்களே, நம் சொல்லுக்கு உயிரை விலையாகக் கொடுக்கும் வேளை நமக்கு வராதிருக்கலாம். ஆயினும் நம் இல்லத்திலும் அயலிலும் குரலற்றோர் உண்டு: பேச்சில் இடைமறிக்கப்படும் முதியவர், பரீட்சையில் தவறி ஏச்சுக் கேட்கும் பிள்ளை, ஊரார் பழிதூற்றும் கைம்பெண். அவர்களைச் சுடும் சொல் நம்மிடமிருந்தா பிறக்கிறது? திருப்பலியில் 'ஆமென்' எனும் நாவன்றோ இது!

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் அவர்களுள் ஒருவரருகே அமருங்கள். முதலில் கேளுங்கள், பின்னர் அவருக்காகப் பேசுங்கள்.