பள்ளி மாணாக்கரும் பண்ணைத் தொழிலும்

படித்த பிள்ளைக்குப் பயிர்த்தொழில் தெரியவில்லை என்பது மிராசுதார்கள் பலரும் கூறும் குறை. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து நார்த்தாம்ப்டன் நகரில் இதற்கு ஒரு பரிகாரம் காணப்பட்டது. விவசாயக் கல்லூரித் தலைவராயிருந்த ரூபஸ் ஸ்டிம்ஸன் என்பவர் 1908-ஆம் ஆண்டில் அங்குள்ள விவசாயப் பள்ளியின் தலைமையை ஏற்றார். பாடசாலை வயலில் வேலை செய்யும் மாணாக்கனை லாப நஷ்டம் சாராது. ஆகையால் ஒவ்வொருவனும் தன் தகப்பனார் நிலத்திலேயே ஒரு பயிரையோ கால்நடையையோ தன் பொறுப்பில் வைத்துக் கணக்கெழுதி வரவும், உபாத்தியாயர் அங்கு சென்று பார்வையிடவும் அவர் ஏற்பாடு செய்தார். பின்னர் 1917-ஆம் ஆண்டின் ஸ்மித்-ஹியூஸ் சட்டம், மத்திய அரசாங்க உதவி பெற்ற விவசாய வகுப்புகளில் வருஷத்திற்கு ஆறு மாதமேனும் மேற்பார்வையுடன் கூடிய பண்ணைப் பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. மகனுக்கு ஐந்து சென்ட் நிலமும் ஒரு கணக்குப் புத்தகமும் கொடுத்து, விளைவின் வரவையும் அவனிடமே விடுதல் நம்மவர்க்கும் இயல்வதே.