கோவைக்கு 10 லட்சமா, 21 லட்சமா? விக்கிப்பீடியாவின் நகரப் பட்டியலைப் பராமரிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

போனில் ‘கோயம்புத்தூர் மக்கள்தொகை’ என்று தட்டினால் ஒரே நொடியில் பதில் வந்துவிடும். அடுத்த தளத்துக்குப் போனால்தான் குழப்பம். ஒன்றில் பத்தரை லட்சம், இன்னொன்றில் 16 லட்சத்தை ஒட்டி, மூன்றாவதில் 21 லட்சம். இதில் எது தப்பு என்று கேட்டால், எதுவுமே தப்பில்லை. மூன்றுமே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவைதான்.

இந்த மூன்றில் எதைப் போடுவது என்று மல்லுக்கட்டுகிறவர்கள், விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டு நகரங்களை மக்கள்தொகை வாரியாக அடுக்கும் பட்டியலைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது. பெரும்பாலும் புனைபெயரில்தான் எழுதுவார்கள். பார்ப்பதற்கு அந்தப் பக்கம் ஒரு எக்ஸெல் ஷீட் மாதிரி இருக்கும்: வரிசை எண், ஊர், எண்ணிக்கை. இதுல சண்டை போட என்ன இருக்கு என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது.

ஒரே ஊர், மூன்று எல்லை

2011 மார்ச் 1 அன்றைய நிலவரப்படி கோவை மாநகராட்சியில் இருந்தவர்கள் 10,50,721 பேர். அதே ஆண்டின் பிற்பகுதியில் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தன. புதிய எல்லைக்கு அதே கணக்கெடுப்பின் எண்களைக் கூட்டினால் 16 லட்சத்தை ஒட்டி வருகிறது. கணக்கெடுப்புத் துறை ‘அர்பன் அக்லாமரேஷன்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நகரத்தோடு அதை ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்து ஒரே பரப்பாகப் பார்ப்பது. அதன்படி கோவைக்கு 21,36,916 பேர்.

எந்த எல்லையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசையே மாறிவிடும். மாநகராட்சி எல்லைப்படி சேலத்தில் 8.29 லட்சம் பேர், திருப்பூரில் 4.44 லட்சம் பேர். போட்டியே இல்லை. புறநகரையும் சேர்த்தால் திருப்பூர் 9.63 லட்சம், சேலம் 9.17 லட்சம். இப்போது திருப்பூர் ஐந்தாவது இடத்தில், சேலம் ஆறாவது இடத்தில். இரண்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு அரசு ஆவணத்தோடு வந்து நிற்பார்கள். இரண்டு ஆவணமும் செல்லும்.

ஈரோட்டின் கதை இன்னும் வேடிக்கை. 2008-லேயே மாநகராட்சி ஆன ஊர். ஆனால் 2011 கணக்கெடுப்பின் நகர அட்டவணையில் அதற்கு 1.57 லட்சம் பேர்தான். நாகர்கோவில், தஞ்சாவூர், திண்டுக்கல் மூன்றுக்கும் கீழே. பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு ரவுண்டு வந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். சுற்றியிருந்த நகராட்சிகள் அப்போது தனியாக இருந்ததுதான் காரணம். புறநகரோடு சேர்த்தால் ஈரோடு 5.2 லட்சம்.

அதே அட்டவணையில் அம்பத்தூர் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு, திருப்பூர் மாநகராட்சியைவிடப் பெரிய ஊராக உட்கார்ந்திருக்கிறது. கணக்கெடுப்பு நடந்தபோது அது தனி நகராட்சி. சில மாதங்களில், 2011 அக்டோபரில், சென்னை மாநகராட்சி சுமார் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அதற்குள் போய்விட்டது. பட்டியலில் அம்பத்தூருக்குத் தனி வரி கொடுத்தால் இன்று இல்லாத ஒரு ‘நகரம்’ வரும். கொடுக்காமல் விட்டு, சென்னைக்குப் பழைய 46.46 லட்சத்தையே போட்டால் லட்சக்கணக்கான பேர் எந்த ஊரிலும் இல்லாமல் காணாமல் போவார்கள்.

அதனால்தான் அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் எண்ணைவிட, அட்டவணைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை வாக்கியத்துக்கு அதிக மெனக்கெடுகிறார்கள். ‘இந்தப் பட்டியல் எந்த எல்லையின்படி’ என்று சொல்லும் வாக்கியம். போனில் பார்ப்பவர்கள் நேராக ஸ்க்ரோல் செய்து தாண்டிப் போய்விடுவதும் அதைத்தான்.

இவ்வளவு பழைய எண் ஏன் இன்னும் இருக்கிறது?

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கான அறிவிக்கை 2025 ஜூனில்தான் வந்தது. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1-தான் கணக்கு நாள். இடையில் ஓசூரும் திருப்பூரும் எவ்வளவு வளர்ந்தன என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வீடு வீடாகப் போய் எண்ணிய கணக்கு கையில் இல்லை.

இந்த இடைவெளியில்தான் ‘2025 மக்கள்தொகை’ என்று கடைசி இலக்கம் வரை எண் காட்டும் தளங்கள் நுழைகின்றன. பழைய எண்ணை ஏதோ ஒரு வளர்ச்சி விகிதத்தால் பெருக்கினால் யாருக்கும் இப்படி ஒரு எண் கிடைக்கும். கடைசி இலக்கம் வரை இருப்பதால் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். முறையான மதிப்பீடுகளும் உண்டு. ஐ.நா. 2018-ல் வெளியிட்ட நகரமயமாதல் மதிப்பீடு, 2020-ல் சென்னையும் புறநகரும் சேர்ந்து சுமார் 1.1 கோடி என்றது. அது எண்ணிய கணக்கு அல்ல, கணித்த கணக்கு. ஒரே பத்தியில் சென்னைக்கு ஐ.நா. கணிப்பையும் மதுரைக்கு 2011 எண்ணையும் போட்டு ஒப்பிட்டால் பட்டியலே செல்லாது.

விக்கிப்பீடியாவின் விதி இதில் கறார். நம்பகமான ஆதாரத்தில் சரிபார்க்க முடிவதைத்தான் எழுதலாம். சொந்த ஆய்வுக்கு இடமில்லை. அதற்காகச் சாதாரணக் கூட்டலுக்குத் தடையில்லை. தாம்பரம் மாநகராட்சி 2021-ல் உருவானது. 2011 கணக்கெடுப்பில் அந்தப் பெயரில் மாநகராட்சியே கிடையாது. 2.15 லட்சம் பேரோடு பல்லாவரம், 1.74 லட்சம் பேரோடு தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர் என்று தனித்தனியாகத்தான் இருக்கும். இணைந்த உள்ளாட்சிகளின் எண்களைக் கூட்டி, எதை எதைக் கூட்டினோம் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். அதே எண்ணை ‘ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளர்ந்திருக்கும்’ என்று ஏற்றிப் போட்டால் அழித்துவிடுவார்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. யாரோ ஆதாரமில்லாமல் விக்கிப்பீடியாவில் ஒரு எண்ணைப் போடுகிறார். அவசரத்தில் ஒரு செய்தித் தளம் அதை எடுத்து எழுதுகிறது. அடுத்த வாரம் அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவில் ஆதாரமாக வந்து உட்காருகிறது. இந்த வட்டத்துக்கு 2011-லேயே ‘சிட்டோஜெனிசிஸ்’ என்று பெயர் வைத்தார் அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் ராண்டல் மன்றோ. வட்டம் ஒருமுறை சுற்றிவிட்டால், முதலில் யார் சொன்னது என்று கண்டுபிடிக்கப் பக்கத்தின் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேதி பார்க்க வேண்டும். அதற்குத்தான் ‘வரலாறு’ பொத்தான். வாசகர்களில் அதை அழுத்திப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

ராத்திரி 11 மணிக்கு மதுரை மேலே ஏறினால்...

ஊர்ப்பாசம் இந்தப் பக்கத்தின் நிரந்தரத் தலைவலி. 2001 கணக்கெடுப்பில் கோவை, மதுரை மாநகராட்சிகளுக்கு இடையே சுமார் 2,000 பேர்தான் வித்தியாசம். அந்தப் போட்டி மனநிலை இன்னும் போகவில்லை. யாரோ ஒருவர் வந்து மதுரைக்கு விரிந்த எல்லையின் எண்ணையும் கோவைக்குப் பழைய எல்லையின் எண்ணையும் போட்டு வரிசையை மாற்றினால், அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மாற்றத்தை மீளமைப்பார்கள். அவர் திரும்பவும் மாற்றுவார்.

இதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு வரம்பு உண்டு. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கும் பயனர் தடை செய்யப்படலாம். சரியான எண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்வதும் பொதுவாக விதிவிலக்காகாது. எனவே ‘உரையாடல்’ பக்கத்துக்குப் போய்ப் பேச வேண்டும். தொல்லை எல்லை மீறினால் பக்கத்தைப் பகுதியளவு பூட்டுவார்கள். அப்போது, கணக்கு தொடங்கி நான்கு நாளும் 10 தொகுப்புகளும் ஆகாதவர்களால் கை வைக்க முடியாது.

வேண்டுமென்றே கெடுப்பவர்களைச் சமாளிப்பது சுலபம். தன் ஊர் வளர்ந்ததைக் கண்ணால் பார்த்து, அது பட்டியலில் வரவில்லையே என்று நிஜமான ஆதங்கத்தோடு வருகிறவரிடம் “நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம், ஆனா ஆதாரம் வேணும்” என்று பொறுமையாகச் சொல்வதுதான் கஷ்டம்.

அறிவிப்பு வேற, அரசாணை வேற

மாநகராட்சிகளின் எண்ணிக்கையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2019-ல் ஓசூர், நாகர்கோவில், ஆவடி. 2021-ல் தாம்பரம், காஞ்சிபுரம், கரூர், கும்பகோணம், கடலூர், சிவகாசி. 2024-ல் காரைக்குடி, நாமக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலை. மொத்தம் 25. சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவித்த அன்றே பட்டியலை மாற்றத் துடிப்பவர்கள் உண்டு. அறிவிப்புக்கும் முறையான ஆணைக்கும் இடையே மாதங்கள் ஓடலாம். அதுவரை காத்திருப்பதுதான் நல்ல வழக்கம்.

பெயரிலும் இதே பாடம்தான். 2020-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. கோயம்புத்தூரின் புது ஸ்பெல்லிங் சமூக வலைதளங்களில் மீம் ஆனது. ஜூன் மாதம் பரபரப்பான அந்த ஆணை, அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. உடனே பெயரை மாற்றிய பட்டியல்கள் எல்லாம் மறுபடி திருத்தப்பட வேண்டியதாயிற்று.

பட்டியலில் ஒரு வரி மாறுவது தரையில் சின்ன விஷயம் கிடையாது. ஊராட்சி, மாநகராட்சிக்குள் போனால் நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் மக்கள் போராடினார்கள். நகரம் பெரிதாவதை எல்லோரும் பெருமையாகப் பார்ப்பதில்லை. ‘இத்தனையாவது பெரிய நகரம்’ என்கிற எண் மட்டும் ரியல் எஸ்டேட் விளம்பரத்துக்கும் போட்டித்தேர்வு கைடுக்கும் போய்விடுகிறது. எந்த எல்லைப்படி என்கிற அடிக்குறிப்பு கூடவே போவதில்லை.

2027-க்குப் பிறகு?

புதிய கணக்கெடுப்பில் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் மாநகராட்சியாக முதன்முறை எண் கிடைக்கும். ஈரோட்டின் 1.57 லட்சம் ஒருவழியாகப் பட்டியலைவிட்டு இறங்கும். ஆனால் முதலில் வருவது தற்காலிக எண்ணாகத்தான் இருக்கும். 2011-ல் கோவை மாநகராட்சிக்குத் தற்காலிகமாக 10,61,447 என்றார்கள். இறுதி எண்ணில் பத்தாயிரத்துக்கும் மேல் குறைந்தது. தற்காலிக எண்ணை வைத்து எழுதிய பக்கங்கள் இணையத்தில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அடுத்த முறை எண் வெளியானதும் பட்டியலைத் திறப்பவர்கள், பத்தியின் தலைப்பில் ‘தற்காலிகம்’ என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.