உங்களுக்குத் தெரியுமா? கிராமில் ஏமாற்றும் உலோகங்கள்

ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடேற்ற 0.897 ஜூல் வேண்டும். ஈயத்துக்கோ 0.129 ஜூலே போதும், ஏழில் ஒரு பங்கு! ஆனால் கிராமை விட்டுவிட்டு மோலுக்குக் (எந்த உலோகமானாலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும் அளவு) கணக்குப் போட்டுப் பாருங்கள். தன்வெப்ப ஏற்புத்திறனை அணு நிறையால் பெருக்கினால் போதும்:

அலுமினியம்: 0.897 × 26.98 = 24.2
ஈயம்: 0.129 × 207.2 = 26.7

செம்பு 24.5, இரும்பு 25.1, தங்கம் 25.4. எல்லாம் 25 ஜூலைச் சுற்றியே நிற்கின்றன. அணு கனமா, இலேசா என்பதை வெப்பம் ஏறக்குறைய பொருட்படுத்துவதே இல்லை. எத்தனை அணுக்கள் என்பதுதான் கணக்கு.

1819-இல் இதைக் கண்டு சொன்னவர்கள் பிரான்சின் டியூலாங், பெட்டிட். (டியூலாங் அதற்கு முன்பே நைட்ரஜன் டிரைகுளோரைடு வெடித்து ஒரு கண்ணை இழந்தவர். ஆனாலும் ஆய்வகத்தை விடவில்லை!) அணு நிறைகள் குழப்பமாக இருந்த காலம் அது. கணக்கைத் திருப்பிப் போட்டு, 25-ஐத் தன்வெப்ப ஏற்புத்திறனால் வகுத்தால் புது உலோகத்தின் அணு நிறை தோராயமாகக் கிடைத்துவிடும். வேதியியலாளர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

விதிக்கு அடங்காதது வைரம். அறை வெப்பநிலையில் அதற்குச் சுமார் 6 ஜூல்தான். ஏன் என்பதை 1907-இல் குவாண்டம் கொள்கையைக் கொண்டு விளக்கியவர் ஐன்ஸ்டீன்.