மூளைக்கு மருந்து, ரத்தத்தில் கவனம்

மூளைப் புற்றுகளில் கொடியதான கிளையோபிளாஸ்டோமாவுக்கு இன்று வழக்கமான மருந்து டெமோசோலோமைடு. 2005-ல் வெளியான ஐரோப்பிய, கனடிய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 2 ஆண்டுகள் கடந்தவர்கள் 10.4 சதவீதம், இம்மருந்தும் சேர்ந்தபோது 26.5 சதவீதம். எனவே மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டிலேயே விழுங்கும் கேப்சூல்தானே என்ற அலட்சியம்தான் ஆபத்து. புற்றுச் செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கும் மருந்து எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையும். பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும். அரிதாகச் சிலருக்கு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதையே நிறுத்திவிடும். ஏபிளாஸ்டிக் அனீமியா என்பது இதுதான். ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றும் வரக்கூடும்.

அரிதானதைச் சொல்லி நோயாளியை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். 28 நாள் சுற்றில் 5 நாள் மருந்து, 22-ம் நாள் பரிசோதனை. வெள்ளணு வகையான நியூட்ரோபில் 1,500-ம் தட்டணு 1 லட்சமும் எட்டாமல் அடுத்த சுற்றைத் தொடங்கக் கூடாது. தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியில் இருக்கும் ஒரு குடும்பம் இந்தப் பரிசோதனைக்காக மதுரைக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியதில்லை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ரத்தம் கொடுத்து, முடிவைப் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவித்தால் போதும்.

இன்னொன்று. காய்ச்சலோடு தட்டணு குறைந்தால் நம் பக்கத்தில் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். அப்போது மருத்துவரிடம் கேப்சூல் அட்டையைக் காட்டியே ஆக வேண்டும். வெள்ளணு குறைந்தவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.